அக்காவின் மூச்சு

அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே கோயில் முக்கில் அக்காவின் படம் போட்ட பிளெக்ஸ் வந்துவிட்டது. நாற்பது வயதில் எடுத்த படம். தலை நிறையக் கறுப்பு முடி, காதில் பெரிய கம்மல், கையில் வீசுகோல். பார்க்கிறவர்கள் இந்தப் பெண்தான் வந்து பாடப்போகிறாள் என்று நினைப்பார்கள். படத்தில் அவளுக்கு இடப்பக்கம் ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது. போர்டு செய்தவர்கள் என்னை வெட்டி எடுத்தபோது முழங்கையை மட்டும் மறந்துவிட்டார்கள்.

நாங்கள் வில்லுப்பாட்டுக்காரர்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, தமிழும் மலையாளமும் ஒரே வாயில் புரளுகிற ஊர்களில், அம்மன் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு வேண்டும். நடுவில் வில்லை வைத்து, நாணை வீசுகோலால் அடித்துக்கொண்டு கதை பாடுகிறவள் அக்கா. குடம் அடிப்பது அவள் மகன். உடுக்கைக்கு ஒரு ஆள். இடப்பக்கம் ஜால்ராவோடு நான். அக்கா ஒரு வரி பாடுவாள். அந்த வரியின் வாலைப் பிடித்து நான் பாடி முடிப்பேன். நான் பாடுகிற நேரத்தில் அவள் மூச்சு வாங்கிக்கொள்வாள். என் வேலை அவ்வளவுதான். அதைத்தான் இத்தனை காலமும் செய்துகொண்டு வருகிறேன்.

அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். இப்போது அவளுக்கு எழுபது கழிந்துவிட்டது. சின்ன வயதில் இரண்டு பேருக்கும் ஒரே குரல். நான் அடுக்களையில் பாடினால் அம்மா அவளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். மாமாவின் வில்லுப்பாட்டுக் குழுவில் பாட ஒரு பெண் பிள்ளை வேண்டும் என்று வந்தபோது எங்கள் இரண்டு பேரையும் நிறுத்திப் பாடச் சொன்னார்கள். நான் பாயைப் பார்த்துக்கொண்டே பாடினேன். "மேல பாத்துப் பாடு பிள்ளே, பாய்க்கா பாடுதே?" என்று மாமா சிரித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா எல்லாருடைய முகத்தையும் பார்த்துப் பாடினாள். அவள் நடுவில் உட்கார்ந்தாள், நான் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஆட்களின் முகத்தைப் பார்க்கத் தெரிந்ததற்கு இவ்வளவு பெரிய கூலி உண்டு என்று நாலாம் கிளாஸ் வரை படித்த பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பிறகு அவள் பேர் வெள்ளறடை மலையோரத்திலிருந்து காரோடு கடற்கரை வரை போயிற்று. எல்லை தாண்டித் தமிழ்நாட்டில் குழித்துறை பக்கமும் கூப்பிட்டார்கள். ஒரு கோயிலில் மோதிரம் போட்டார்கள், இன்னொன்றில் பட்டு. பாட்டு முடிந்ததும் பெண்கள் வந்து அவள் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். நான் அந்த நேரத்தில் ஜால்ராவைத் துணியில் சுற்றிக்கொண்டிருப்பேன். என்னைப் பெண் பார்க்க வந்த மனிதர் வாசலில் நின்று முதலில் கேட்டது, "பாடுத அக்கா வீட்டில உண்டோ?" என்பதுதான். அவரையே கட்டிக்கொண்டேன். வெள்ளறடையில் ரப்பர் வெட்டினார். நல்ல மனிதர். சாகிற வரைக்கும் ஆட்களிடம் தன்னைச் சொல்லும்போது, பாட்டுக்காரியின் தங்கச்சி மாப்பிள்ளை என்றுதான் சொன்னார். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் குத்தும்.

அக்காவின் மூச்சு குறைந்தது கொரோனாவுக்குப் பிறகு. திருப்புறத்தில் ஒரு கோயில். பாடிக்கொண்டிருக்கும்போதே அவள் கண் என் பக்கம் வந்தது. அவள் பாட்டின் நடுவில் என்னைப் பார்க்கிறவள் இல்லை. எனக்குப் புரிந்தது. வரியின் வாலுக்குக் காத்திராமல், இரண்டு சொல் முன்னாலேயே நான் ஏறிப் பிடித்தேன். பிடித்ததை இழுத்து நிறுத்தினேன். அவள் ஒரு மடக்கு வெள்ளம் குடித்தாள். அதற்குள் மூச்சு வந்துவிட்டது. கேட்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. குரல் ஒரே குரல் அல்லவா.

அன்றிலிருந்து அப்படித்தான். முதலில் இரண்டு சொல், பிறகு அரை வரி. உச்சத்தில் பாடுகிற இடங்களில் அவள் வாய் அசையும், சத்தம் என்னுடையது. அவள் கை வீசுகோலை முன்னைவிட உயரத் தூக்கும். ஆட்கள் அந்தக் கையைப் பார்ப்பார்கள். சோறு சாப்பிட்டுக் கை கழுவுகிற குழாயடியில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னதை என் காதால் கேட்டேன்.

"எழுபது வயசாக்கும்! என்ன மூச்சு பாத்தியா? நமக்கு மேட்டுல ஏறினா நெஞ்சு அடைக்குது."

"அதெல்லாம் பெறப்புலேயே உள்ளது மக்கா. பழைய சாதனம். கெடாது."

அந்தப் பழைய சாதனம் அவள் முதுகுக்குப் பின்னால் நின்று கை கழுவிக்கொண்டிருந்தது. ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன். சினிமாவில் வயதான பின்னும் நாயகனாக நடிக்கிறவர்களைப் பற்றிச் சாயாக் கடையில் சண்டை போடுகிறார்கள், இன்னும் பழைய ஆள்தானா, இல்லை முடிந்துபோனாரா என்று. அவர்களுக்கு மேக்கப் உண்டு, டூப் உண்டு. அக்காவுக்கு நான் உண்டு.

இந்த வருஷம் எங்கள் ஊர்க் கொடைக்கு முன்னால் கோயில் கமிட்டி செக்ரட்டரி வீட்டுக்கு வந்தான். வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து முட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் சாயா கொண்டுபோய் வைத்தேன். அவன் தம்ளரைக் கையில் எடுக்காமல் இருந்தபோதே விஷயம் நல்லதில்லை என்று தெரிந்தது.

"அம்மச்சி, மனசுல வெஷமம் தோணப்பிடாது. கழிஞ்ச வருஷம் மத்தியானக் கொடையில அம்மை எறங்க வலிய தாமசம் ஆச்சு. பொங்கப்பானை எல்லாம் ஆறிப் போச்சு. கமிட்டியில வர்த்தமானம் உண்டு."

"என்ன வர்த்தமானம்?"

"களியக்காவிளை பக்கம் புள்ளைய ஒரு செட்டு இறங்கியிருக்கு. காலேஜ் படிக்குதவ. போன்ல எல்லாம் அவளுவ பாட்டுதான். அடுத்த வருஷம் அவளுவள விளிக்கலாம்னு சிலபேரு..."

எங்கள் கோயிலில் அம்மன் இறங்கி ஆடுகிறவரைக் கோமரத்தாடி என்போம். மத்தியானக் கொடையில் அம்மனை அழைக்கிற வரத்துப் பாட்டை வில்லில் பாடவேண்டும். பாட்டு ஏறி ஏறிப் போய், கடைசியில் அம்மையை நீட்டி மூன்று தடவை விளிக்கவேண்டும். அந்த விளியில்தான் அவர் மேல் அருள் வரும். வராவிட்டால் பூசை இல்லை, படையல் இல்லை, ஊரே பசியோடு நிற்கும். பாட்டுக்காரி பெரிய ஆளா இல்லையா என்பதற்கு அங்கே வேறு அளவுகோல் கிடையாது.

அக்கா தைலக் கையை முட்டிலிருந்து எடுத்தாள்.

"எலே, உனக்க அப்பனுக்குக் கல்யாணம் ஆகுததுக்கு முன்ன நான் இந்தக் கோயில்ல அம்மைய விளிச்சவளாக்கும். இந்த வருஷம் மூணாவது விளியில அம்மை வரல்லண்ணா நான் வில்லை அவளுவ கையில குடுத்துட்டுப் போறேன். போய்ச் சொல்லு கமிட்டிக்காரனுவகிட்ட."

அவன் சாயாவை ஒரே இழுப்பில் குடித்துவிட்டு எழுந்தான். போகும்போது என்னைப் பார்த்து, "கொள்ளாம் அம்மச்சி, நல்ல சாயா" என்றான். அந்த வீட்டில் என்னிடம் சொல்ல அவனுக்கு அது ஒன்றுதான் இருந்தது.

அவன் போனபிறகு நான் மெதுவாகச் சொன்னேன். "அக்கா, விளிய கொஞ்சம் தாழ்த்திப் பாடினா என்ன? முன்னப்போல மூச்சு..."

"ஆருக்கு மூச்சு?"

நான் காலித் தம்ளரை எடுத்தேன்.

"எனக்க மூச்ச எனக்குத் தெரியும். நீ உனக்க பாட்டப் பாடு. ஏட்டி, ஓரத்துல இருந்து ஜால்ரா தட்டுதவளுக்கு நடுவுல இருக்கியவளுக்கப் பாடு தெரியுமா?"

அவள் மகன் வாசலில் குடத்தின் வாயில் அடிக்கிற பத்தியைத் தைத்துக்கொண்டிருந்தான். அவன் சிரித்தான். "சித்தி இப்பம் வாத்தியார் ஆகியாச்சு" என்றான்.

அன்றைக்கு அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கின் தோலை உரித்துக்கொண்டிருந்தபோது எனக்குள் ஒன்று உறைந்து நின்றது. சரி. என் பாட்டையே பாடுகிறேன். முன்காலத்தில் எப்படிப் பாடினேனோ அப்படி, வால் மட்டும். ஒரு சொல் கூடுதலாக எடுக்கமாட்டேன். அவளுடைய மூச்சு எவ்வளவு என்று அவளும் அறியட்டும், ஊரும் அறியட்டும். இதில் என்ன தப்பு இருக்கிறது? அவளே சொன்னதுதானே.

ஒரு வாரம் விரதம். மீன் இல்லை. அக்காவுக்குத் தினமும் சுக்கு வெள்ளம் காய்ச்சிக் கொடுத்தேன், மிளகு இடித்துக் கொடுத்தேன். சாயங்காலம் அவள் தனியாக விளியைப் பாடிப் பார்ப்பாள். இரண்டாவது விளி வரை போகும். மூன்றாவதில், மேலே ஏறித் திரும்புகிற இடத்தில் குரல் பிய்ந்துபோகும். உடனே இருமி, தொண்டையைக் குறை சொல்லுவாள், மழையைக் குறை சொல்லுவாள். நான் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று அந்த இடம் வரும்போது காதைத் தீட்டிக்கொள்வேன். பிய்ந்ததும் எனக்கு ஒரு சுகம். ஒளிக்க ஒன்றுமில்லை. பச்சை மாங்காயில் உப்பு வைத்துக் கடித்ததுபோல ஒரு சுகம்.

கொடையன்று கூட்டம். பொங்கல் அடுப்புகளின் புகை கண்ணைக் கரித்தது. பாட்டுக்கு உட்காருவதற்கு முன்னால் கோமரத்தாடி என்னருகில் வந்தார். அவருக்கும் வயதாகிவிட்டது. சந்தையில் சுமடு தூக்கிப் பிழைத்த மனிதர். முன்பெல்லாம் குடத்தில் முதல் அடி விழுந்ததும் அவர் தோள் துடிக்கும்.

"தங்கச்சி, இண்ணைக்குப் பாட்டு நல்லாக் கேறணும் கேட்டியா? பாட்டு கேறினாத்தான் எனக்கக் கிட்டயும் அம்மை கேறுவா. இல்லண்ணா நான் அங்க மரம்போல நிக்கணும். நாணக்கேடு."

எல்லாருக்கும் அக்காவிடம் வேலை. அவளிடம் சொல்லப் பயம். என்னிடம் சொல்கிறார்கள். நான் தலையாட்டினேன்.

கதை நன்றாகப் போயிற்று. கதை சொல்வதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை, அதை நான் இப்போதும் சொல்வேன். நடுவில் முன்வரிசையில் போனில் பேசிய ஒருவனைப் பார்த்து, "ஆர மக்கா, அம்மையவா விளிக்குதே? எனக்க வேலையை நீயே செய்தா நான் வீட்டுக்குப் போகட்டா?" என்றாள். கூட்டம் விழுந்து சிரித்தது. அவள் எதைச் சொன்னாலும் சிரிப்பார்கள். நான் அதே சொல்லைச் சொன்னால் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைப்பார்கள்.

வரத்துப் பாட்டு தொடங்கியது. குடமும் உடுக்கையும் வேகம் பிடித்தன. கோமரத்தாடி சன்னிதியைப் பார்த்துக் கண்ணை மூடி நின்றார். முதல் விளி. அக்கா எடுத்தாள். வழக்கமாக நான் ஏறிப் பிடிக்கிற இடம் வந்தது. நான் ஜால்ராவை மட்டும் தட்டினேன். அவள் பார்வை ஓரமாக என்மேல் விழுந்தது. நான் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தானே இழுத்துக்கொண்டு போனாள். கடைசியில் வாலை மட்டும் பிடித்து முடித்தேன். இரண்டாவது விளியில் அவள் குரல் நடுங்கியது, ஆனால் போய்ச் சேர்ந்தது. கோமரத்தாடி அசையவில்லை.

மூன்றாவது விளி. மேலே ஏறினாள். திரும்புகிற இடத்தில் சத்தம் நின்றுவிட்டது. பிய்ந்துகூடப் போகவில்லை. அப்படியே இல்லாமல் போயிற்று. தூக்கிய வீசுகோல் தூக்கியபடி நின்றது. அவள் மகன் அம்மா நிறுத்தியதைப் பார்த்து, இது நிறுத்துகிற இடம் என்று நினைத்துக் குடத்தில் கையை வைத்து அமுக்கினான். உடுக்கையும் நின்றது. நான் பாடியிருக்கவேண்டிய இடம் அது. நான் வாயைத் திறக்கவில்லை.

கோயிலில் ஒரு சத்தம் இல்லை. ஜெனரேட்டர் மட்டும் எங்கோ இரைந்துகொண்டிருந்தது. அக்காவின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, நெஞ்சு ஏறி இறங்கியது. செக்ரட்டரி வாயைப் பிளந்தபடி நின்றான். முடிந்தது என்று நினைத்தேன். இனி பிளெக்ஸ் கிடையாது, மோதிரம் கிடையாது. இனி அவளும் என்னைப்போல ஒரு கிழவி. என் நெஞ்சில் அந்த நேரத்தில் வந்தது சந்தோஷம்தான்.

அப்போதுதான் கோமரத்தாடி அலறினார்.

அப்படி ஓர் அலறலை அவர் வாலிபத்தில்கூடக் கேட்டதில்லை. தலை பின்னால் போய், உடம்பு முழுக்க விறைத்து, ஒரே பாய்ச்சலில் சன்னிதி முன்னால் போய் விழுந்தார். பெண்கள் குரவையிட்டார்கள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள்கூட ஆடத் தொடங்கினார்கள். அக்கா தூக்கிய கையை இறக்கி நாணில் ஒரே ஒரு அடி அடித்தாள். அவ்வளவுதான். அந்த அடிக்கு ஊரே கை கூப்பியது.

படையல் முடிந்து சோற்றுக்கு உட்கார்ந்தபோது இரண்டு பக்கமும் இதே பேச்சு.

"பாடி வரவைக்குதவ உண்டு. பாடாம வரவைக்குதவ இவ ஒருத்தியாக்கும்."

"நிறுத்தினா பாரு, எனக்க மேலு எல்லாம் குளுந்து போச்சு. அந்த எடம் காலேஜ் புள்ளைகளுக்கு வருமா? அதுக்கு வயசு வேணும்."

கோமரத்தாடி களைத்துப்போய்ச் சுவரில் சாய்ந்து, கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "சத்தமும் பெகளமும் எல்லாம் நிண்ணுதா, கீழ உள்ள பூமியே போனதுபோல ஆச்சு. அப்பந்தான் அம்மை வந்தா. பாட்டுக்காரி சாமானியப்பட்டவளா?" செக்ரட்டரி இலை முன்னால் குனிந்து அக்காவிடம், "அம்மச்சி, அந்த ஸ்டாப்பு! அடுத்த வருஷமும் அம்மச்சிதான். ஆரு என்ன சொன்னாலும் நான் உண்டு" என்றான். அக்கா பருப்புக்கு நெய் கேட்டாள். அவள் பாடியபோது பேர் அவளுக்கு. நான் பாடியபோது பேர் அவளுக்கு. யாருமே பாடாதபோதும் பேர் அவளுக்கு.

ஆட்டோவில் வரும்போது அவள் வீசுகோலைத் துணியில் சுற்றினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டட்டும் என்றே இருந்தது. திட்டினால் நான் செய்ததை ஒருத்தியாவது அறிந்திருக்கிறாள் என்று ஆகுமே.

"ஏட்டி."

"என்ன அக்கா?"

"நல்ல எடம் பாத்து நிறுத்தினே. அடுத்தது காரோடு. அங்கயும் அந்த எடத்துலதான். ஒரு பொட்டு முன்னயும் வேண்டாம், பின்னயும் வேண்டாம்."

அவள் முகத்தைப் பார்த்தேன். கோபத்தில் சொல்கிறாளா, நிஜமாகவே நான் அவளுக்காக யோசித்துச் செய்ததாக நம்புகிறாளா என்று எனக்குப் பிடி கிடைக்கவில்லை. முன் சீட்டில் இருந்த அவள் மகன் திரும்பி, "நானும் குடத்த கரெக்டா அமுக்கினேன் இல்லியா அம்மா?" என்றான்.

காரோட்டுக் கோயிலுக்கு நாங்கள் போகும் முன்பே அந்த நிறுத்தம் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. யாரோ போனில் பிடித்து அனுப்பியிருந்தார்கள். மூன்றாவது விளி வந்ததும் கூட்டத்தில் கைகள் எல்லாம் போனோடு மேலே எழும்பின. அக்கா ஏறினாள். திரும்புகிற இடத்துக்கு ரொம்ப முன்னாலேயே, நான் ஏறிப் பிடிக்காமல் நிறுத்துவேன் என்ற நம்பிக்கையில், குரலைத் தளர்த்தி வீசுகோலைத் தூக்கினாள். எனக்கு உச்சந்தலை வரைக்கும் எரிந்தது. இந்த மௌனத்தையும் நான் இவளுக்குத் தரவேண்டுமா? தரமாட்டேன். விளியை ஏறிப் பிடித்தேன். என் நெஞ்சில் இருந்த மூச்சு முழுவதையும் போட்டு இழுத்தேன். மேலே போய், திரும்பி, இன்னும் போனேன். வாழ்நாளில் அவ்வளவு நீளம் நான் பாடியதில்லை. கண்ணில் பூச்சி பறந்தது. அக்கா சட்டென்று வாயை அசைத்து, தூக்கிய வீசுகோலைக் காற்றில் மெதுவாகச் சுழற்றினாள். நான் முடித்த இடத்தில் சரியாக நாணில் அடித்தாள். அந்தக் கோயிலின் கோமரத்தாடி துள்ளினார். குரவை எழும்பியது.

மீன்காரப் பெண் ஒருத்தி ஓடிவந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நிறுத்துவீங்கண்ணு சொன்னாவ. நீங்க நிறுத்தவே இல்லியே! இந்த வயசுல இந்த நீளமா? கடல்ல போனவனுக்கும் கேட்டிருக்கும்."

"எல்லாம் அம்மைக்க அனுக்கிரகம் மக்கா" என்றாள் அக்கா.

அந்தப் பெண் அப்போதுதான் என்னைக் கவனித்தாள். "இது ஆரு?"

"எனக்கத் தங்கச்சியாக்கும். கூடப் பாடும்."

ஆட்டோவில் ஏறினதும் எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. அக்கா என் முதுகைத் தடவினாள். ஆட்டோ மெயின் ரோட்டில் ஏறியபோது சொன்னாள், "நிறுத்தாம விட்டது நல்லதாச்சு. எல்லாத்திலயும் ஒண்ணுபோல செய்தா ஆளுவளுக்கு மடுத்துப் போகும். ஓரோ கோயிலுக்கு ஓரோ விதம் வேணும்."

பதில் சொல்ல எவ்வளவோ இருந்தது. இருமல் விடவில்லை. அவள் மகன் வெள்ளக் குப்பியைப் பின்னால் நீட்டினான். அக்கா வாங்கி, முதலில் தான் இரண்டு மடக்கு குடித்துவிட்டு, பிறகு என்னிடம் தந்தாள்.